கடற்படை டாக்டர் வேலைக்கு அலைந்த கதை: ஒரு சர்டிபிகேட், ஒரு காது

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கடற்படையில் டாக்டராகச் சேர ஆசைப்படுகிறவர்கள் கடற்படையின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நான் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ பிரிவுக்கெல்லாம் அறிவிப்பு வந்தது, டாக்டருக்கு மட்டும் வரவில்லை. வராது. முப்படைக்கும் சேர்த்து ஆயுதப்படை மருத்துவச் சேவைதான், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்., ஒரே அறிவிப்பாக விடும். 2024-ல் 450 இடம், அதில் பெண்களுக்கு 112. தேர்வானால் தரைப்படையின் மருத்துவப் பிரிவான ஆர்மி மெடிக்கல் கோரில் கமிஷன், அதாவது அதிகாரியாக நியமனம். அப்புறம்தான் யாருக்குத் தரை, யாருக்குக் கடல், யாருக்கு வானம் என்று பிரிப்பார்கள். விருப்பம் கேட்பார்கள், கேட்டது கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர். எங்கள் ஊரில் கப்பல் என்றாலே மெர்ச்சன்ட் நேவிதான். பக்கத்து வீட்டு மாமா, "எந்தக் கம்பெனி மக்களே? டாலர்லயா தருவான்?" என்று கேட்டார். கம்பெனி இல்லை மாமா, கவர்மென்ட் என்றேன். "எம்.பி.பி.எஸ். படிச்சிட்டு இதுக்கா?" என்று உள்ளே போய்விட்டார்.

எனக்கு இந்த ஆசை வந்தது 2017 நவம்பர் 30-க்குப் பிறகு. ஒக்கி புயல். அப்போது நான் காலேஜில். ஆழ்கடலுக்குப் போன எங்கள் ஆட்களில் திரும்பி வந்த சிலரை லீவில் வந்தபோது பார்த்தேன். உப்பில் வெந்து உரிந்த தோள், வெடித்த உதடு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கடலிலேயே யாராவது ஒரு டாக்டர் செய்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

விண்ணப்பம் அரை மணி நேரத்தில் முடிந்தது. கட்டணம் 200 ரூபாய். நீட் பி.ஜி. மதிப்பெண்ணை வைத்து இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறார்கள். என்னுடையது சுமார்தான், ஆனாலும் கூப்பிட்டார்கள். அங்கிருந்துதான் ஏழரை.

அட்டெம்ப்ட் சர்டிபிகேட் என்று ஒன்று வேண்டும். இறுதியாண்டு பார்ட் ஒன், பார்ட் டூ இரண்டையும் இரண்டு அட்டெம்ப்டுக்குள் முடித்திருக்க வேண்டும், அதைக் காலேஜ் முதல்வர் எழுதித் தர வேண்டும். நான் படித்தது வேறு மாவட்டத்தில். பெயர் வேண்டாம். மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து நாகர்கோவில் வடசேரி, வடசேரியிலிருந்து நாலரை மணி நேரம் பஸ்.

முதல் தடவை போனபோது கிளார்க் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயே மாசம் வருஷம் எல்லாம் இருக்கே டாக்டரம்மா, தனியா எதுக்கு?" என்றார். டெல்லியில் கேட்கிறார்கள் என்றேன். "டெல்லியில ஆயிரம் கேப்பான்" என்று நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றை அடித்துக் கையில் கொடுத்தார். நான் நல்லவள் என்பதற்கு இப்போது என்னிடம் அரசு முத்திரையோடு ஆதாரம் இருக்கிறது.

இரண்டாம் தடவை போனேன். அவர் லீவு, மகளுக்கு வளைகாப்பு. ரெஜிஸ்டர் இருக்கிற பீரோ சாவி அவரிடம். பக்கத்து சீட்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், நல்ல மனிதர், ஆனால் சாவி டீயில் வராதே.

மூன்றாம் தடவை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் கவரைத் திறக்காமலே பஸ் ஏறிவிட்டேன். காவல்கிணறு தாண்டும்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பார்ட் டூ முதல் அட்டெம்ப்ட் என்று இருக்கிறது, பார்ட் ஒன் என்ற பேச்சே இல்லை. அழுகை வந்தது. மறுநாள் மறுபடி நாலரை மணி நேரம்.

இப்படிப்பட்ட காகிதம் எதை வாங்கினாலும் கவுன்டரை விட்டு நகரும் முன்பே ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். பின்னால் நிற்கிறவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். இன்னொன்று, இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எனக்கு ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, மெடிக்கல் கவுன்சில் பதிவில் எழுத்து பின்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள். டெல்லிக்காரருக்கு மூன்று ஆள். முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழி எடுத்து வைத்திருந்தேன். அது இல்லையென்றால் சான்றிதழ் சரிபார்க்கிற மேஜையிலேயே திரும்பியிருப்பேன்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. இன்டர்வியூ டெல்லி கன்டோன்மென்ட் ஆர்மி ஹாஸ்பிடலில். போர்டில் ஒருவர் வெள்ளைச் சீருடை. தோளில் நாலு பொன்கோடு, கோடுகளுக்கு இடையில் சிவப்புத் துணி. அந்தச் சிவப்புதான் கடற்படையில் டாக்டருக்கு அடையாளம். சர்ஜன் கேப்டன். தரைப்படை கேப்டனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அது நாம் சேரும்போதே கிடைக்கிற ரேங்க், கடற்படையில் அதற்குச் சமம் சர்ஜன் லெப்டினன்ட்.

"கப்பலில் நீ ஒருத்திதான் டாக்டர். கரை இரண்டு நாள் தூரம். மாலுமிக்கு அப்பென்டிசைட்டிஸ். என்ன செய்வாய்?" என்றார். வாய்வழி எதுவும் கொடுக்க மாட்டேன், டிரிப், நரம்பு வழி ஆன்டிபயாடிக், வலிக்கு மருந்து, கேப்டனிடம் சொல்லி ஹெலிகாப்டர் என்றேன். "ஹெலிகாப்டர் எட்டாது." அப்படியென்றால் ஆன்டிபயாடிக்கைத் தொடர்வேன், மணிக்கொரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், கப்பலைக் கரைப்பக்கம் திருப்பச் சொல்வேன் என்றேன். "திருப்பவா வேண்டாமா என்று கமாண்டிங் ஆபீசர் முடிவெடுப்பது உன் வார்த்தையை வைத்துத்தான், தெரிகிறதா?" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வேலையில் பாதி குடிதண்ணீர்த் தொட்டி, சமையலறைச் சோதனை, மாலுமிகளுக்கு முதலுதவி சொல்லிக்கொடுப்பது என்றும் அவரே சொன்னார். டைவர் மேலே வந்ததும் தோள்மூட்டு வலி என்றால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரசர் வைத்துச் சங்கு குளிக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். நைட்ரஜன் குமிழ், முழு ஆக்சிஜன், அழுத்த அறை என்றேன். தலையசைத்தார். கடல் ஒத்துக்கொள்ளுமா என்றதற்கு மட்டும் பொய் சொல்லவில்லை. விவேகானந்தர் பாறைப் படகில் வாந்தி எடுத்த தூத்தூர்க்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்து மருத்துவப் பரிசோதனை. கண், இதயம், எக்ஸ்ரே எல்லாம் சரி. இ.என்.டி. டாக்டர் வலது காதுக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "செவிப்பறையே தெரியவில்லை." குறும்பி. டெம்பரரி அன்ஃபிட்! நோயாளிகளிடம் காதில் பட்ஸ் விடாதீர்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிற நான் என் காதை ஒரு நாளும் காட்டியதில்லை. இ.என்.டி. பார்ட் ஒன்னில்தான் வரும், அந்த ஒன்றைத்தான் கிளார்க் விட்டிருந்தார்.

ஆர்.கே. புரத்தில் தோழியின் அறையில் இரண்டு நாள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கிடந்தேன். வெளியே ஒரு கிளினிக்கில் பீய்ச்சிக் கழுவினார்கள். மிளகு அளவுக்கு ஒரு கட்டி வந்து விழுந்தது. அதற்குள் ரயில் டிக்கெட் போயிற்று, மறுபடி தட்கல். திரும்பக் காட்டினேன், ஃபிட். ஊரிலிருந்து கிளம்புமுன் காது, பல், கண் மூன்றையும் காட்டிவிட்டுப் போங்கள்.

ஊர் திரும்பிக் காத்திருந்த நாட்களில் அம்மா ஒரு பேப்பர் கட்டிங்கை எடுத்து வைத்திருந்தார். 2024 அக்டோபரில் சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆர்த்தி சரின் ஏ.எஃப்.எம்.எஸ். தலைமைக்கு வந்த செய்தி, அந்தப் பதவியில் முதல் பெண். முப்படைச் சீருடையும் போட்டவர். எந்தப் படை கிடைத்தாலும் கவலைப்படாதே என்று அம்மா சொல்லாமல் சொல்கிறாராம்.

பட்டியலில் பெயர் வந்தது. கடற்படை. நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு மாமா ஓடி வந்துவிட்டார். முதலில் எங்கே போகணும் என்று அம்மா கேட்டார். அடிப்படைப் பயிற்சி எல்லோருக்கும் ஆர்மி மெடிக்கல் கோர் சென்டரில், லக்னோவில் என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "லக்னோல கடலு உண்டா மக்களே?"