பூ போன வழி

முக்தி வேண்டி நின்ற உரோமச முனிவருக்காக, குரு அகத்தியர் ஒன்பது தாமரைப் பூக்களைப் பொருநையில், அதாவது தாமிரபரணியில், மிதக்க விட்டாராம். பூ ஒதுங்கிய கரையிலெல்லாம் சிவனை வைத்துப் பூசித்தார் சீடர். அவைதான் நவகைலாயம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். போன மார்கழி ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்தில் போய்வந்த பிறகு, தாமிரபரணி ஓடுகிற வழியையே அந்தக் கதை சொல்லிவிடுகிறது என்று பட்டது.

முதல் பூ பாபநாசத்தில். பொதிகையில் பிறந்து, காரையாறு அணையைத் தாண்டி, சேர்வலாற்றையும் சேர்த்துக்கொண்டு மலையை விட்டு ஆறு இறங்குகிற இடம். தண்ணீரில் கால் வைத்ததும் உச்சந்தலை வரை சிலிர்த்தது. பொரியைத் தூவினால் முழங்கை நீள மீன்கள் படித்துறைக்கே வந்து மொய்க்கின்றன. மூன்றாவது படியில் என் காலில் ஏதோ சுற்றியது. பரிகாரம் என்று யாரோ விட்டுப்போன சேலை. அம்மா குனிந்து, பிழிந்து, கரையில் எடுத்துப் போட்டாள். "குளிப்பாட்டுற தாயிக்கு அழுக்குத் துணியையா கொடுக்கது?" கோபமில்லை, குரல் கம்மியிருந்தது. அப்புறம் உலகம்மை சன்னிதியில் உரலில் விரலி மஞ்சளை இடித்துவிட்டு வெகுநேரம் கைகூப்பி நின்றாள்.

சேரன்மகாதேவி போவதற்குள் மணிமுத்தாறும் கடனா நதியும் சேர்ந்துவிடுகின்றன. வழியெல்லாம் கால்வாய், வயல், வாழை. கோடகநல்லூர், குன்னத்தூர் இரண்டையும் வேகமாகத்தான் பார்க்க முடிந்தது. சீவலப்பேரியில் சிற்றாறும் வந்து கலந்த பிறகு அகன்ற ஆற்றை முறப்பநாட்டில் பார்த்தோம். கிழக்கே போகிற ஆறு இங்கே வடக்கு நோக்கித் திரும்புகிறது. அதனால் இதைத் தட்சிண கங்கை என்கிறார்கள். வேகம் குறைந்து தண்ணீர் வளைகிற அந்தக் கரையில் நின்றபோது, பூ ஒதுங்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது என்று தோன்றியது.

ஸ்ரீவைகுண்டம் இந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே தண்ணீரில் நின்றது. பேருந்தில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். தென்திருப்பேரைக்கு அடுத்த ராஜபதியில் பழைய கோயிலை ஒருகாலத்தில் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது பிறகு எழுப்பியது. கொடுக்கிற ஆறுதான் எடுக்கவும் செய்கிறது. ஆனாலும் அதன் கரையிலேயேதான் சாமியைத் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

கடைசிப் பூ சேர்ந்தபூமங்கலத்தில். ஊர்ப் பெயரிலேயே பூ இருக்கிறது. பக்கத்தில் புன்னைக்காயலில் கடல். தரிசனம் முடிந்து ஆற்றுப் பக்கம் நடந்தோம். காற்றில் உப்பு வாசம். காலையில் பாறையில் மோதிச் சத்தமிட்ட தண்ணீர் இங்கே சத்தமில்லாமல் கிடந்தது. பாபநாசத்தில் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்த அம்மா, இங்கே ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். "சரி, பத்திரமா போய்ச் சேரு தாயி" என்றாள்.