கோடைப் பயிற்சிக்கு ஐப்பசியிலேயே விண்ணப்பித்த கதை

பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஏப்ரல் மாதம், செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கப் பிடிக்காமல் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் பெரிய ஆய்வு நிறுவனங்களில் இரண்டு மாதம் வேலை செய்யலாம், அதற்கு அவர்களே உதவித்தொகையும் தருவார்கள் என்று அன்றுதான் தெரியவந்தது. உற்சாகமாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாமே முடிந்திருந்தது. ஒன்று நவம்பரில், இன்னொன்று ஜனவரியில். மாங்காய் தேடிக் கார்த்திகையிலேயே மரமேற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த ஏப்ரலில் தொடங்கி, கடைசியில் பெங்களூருக்கு ரயில் ஏறியதுவரை மூன்று முயற்சி ஆயிற்று. எங்கள் கல்லூரியில் அதுவரை யாரும் போனதில்லை என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. இனி முயல்கிறவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் குறிவைத்தது மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப். பெங்களூரில் சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமி, தில்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் அகாதமி, அலகாபாத்தில் மேகநாத் சாஹா முயற்சியில் 1930-ல் உருவான தேசிய அறிவியல் அகாதமி ஆகிய மூன்றும் சேர்ந்தது. நாட்டின் ஏதோ ஒரு ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தபோது மாணவர்களுக்கு மாதம் 12,500 ரூபாய். இப்போது எவ்வளவு என்று அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர் ஜவஹர்லால் நேரு மையம், சென்னை ஐ.ஐ.டி. எல்லாம் தனித்தனியாகக் கோடைப் பயிற்சி நடத்துகின்றன. வெளிநாடு போக ஆசை என்றால் ஜெர்மனியின் டாட் வைஸ் (DAAD WISE), கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் (Mitacs Globalink) என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டங்கள். இந்த இரண்டுக்கும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, கல்லூரி திறந்து கொஞ்ச நாளில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். என் தோழிக்கு ஆய்வகமே ஆகாது. அவள் படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்குப் படித்தாள். 2022-ல் தொடங்கிய அது அரசுத் துறைகளோடு இரண்டு ஆண்டு வேலை. முதல்நிலைத் தேர்வு, விரித்தெழுதும் தேர்வு, நேர்முகம் என்று மூன்று கட்டம். அவள் கதையை அவள்தான் எழுத வேண்டும்.

சரி, என் இரண்டாவது முயற்சிக்கு வருகிறேன். இம்முறை நவம்பரைத் தவறவிடவில்லை. விண்ணப்பத்தில் ஏன் இந்தப் பயிற்சி வேண்டும் என்று ஒரு சின்னக் கட்டுரை எழுத வேண்டும். நான் எழுதியதன் முதல் வரி இன்னும் நினைவிருக்கிறது: "சிறு வயதிலிருந்தே நட்சத்திரங்களைப் பார்த்து வியந்தவள் நான்." அடுத்த வரிகளும் அதே ரகம். ஆர்வம், கனவு, நாட்டுக்குச் சேவை. பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் ஆங்கிலம் தப்பாகிவிடக் கூடாதே என்ற ஒரே பயம்தான் இருந்தது. நான்கு பேரிடம் காட்டி ஆங்கிலத்தைத் திருத்தினேன். உள்ளே ஒன்றுமே இல்லை என்று அந்த நான்கு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை.

அதே சமயத்தில் பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பும் வேலையும் நடந்தது. ஒரே கடிதத்தை, மேலே பெயரை மட்டும் மாற்றி, நாற்பது பேருக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. அதில் ஒருவருக்கு வேறொருவர் பெயரைப் போட்டே அனுப்பியிருந்தேன் என்று பிறகு பார்த்தபோது தெரிந்தது.

எம்.எஸ்சி. முதலாண்டில் நிலைமை மாறியதற்குக் காரணம் துறையின் பீரோவுக்கு மேல் கிடந்த ஒரு பழைய தொலைநோக்கி. மூன்று அங்குல வில்லை, ஒட்டடை, ஒரு கால் உடைந்த முக்காலி. துறைத்தலைவர் மேடம் அதைத் துடைத்துக் கொடுத்து, "கண்ணை வச்சுப் பாத்துடாதம்மா, பார்வையே போயிடும். அட்டையில பிம்பத்தை விழ வச்சுப் பாரு" என்றார். மொட்டை மாடியில் வெள்ளை அட்டையில் சூரியனை விழவைத்தேன். நடுவில் ஒரு கரும்புள்ளி. அழுக்கு என்று நினைத்து வில்லையைத் துடைத்தேன். போகவில்லை. மறுநாள் பார்த்தால் அது கொஞ்சம் நகர்ந்திருந்தது. சூரியனின் மேலேயே இருக்கும் புள்ளி அது, சூரியன் சுற்றச் சுற்ற அதுவும் நகர்கிறது.

ஒன்பது நாள் தினமும் ஒரே நேரத்தில் அட்டையில் தாளை வைத்துப் பென்சிலால் புள்ளியைக் குறித்தேன். இடையே மேகம் மறைத்த இரண்டு நாள் இதில் சேராது. அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் போட்டதில் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27 நாள் ஆகும் என்று வந்தது. புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இன்னொரு புள்ளிக் கூட்டத்தை வைத்துப் போட்டால் வேறு எண் வந்தது. சூரியன் நம் பூமி மாதிரி திடப் பந்து இல்லை, நடுக்கோட்டுப் பகுதி வேகமாகவும் துருவப் பக்கம் மெதுவாகவும் சுற்றும் என்று தெரியும். ஆனால் என் வித்தியாசம் அதனால் வந்ததா, பென்சில் தடுமாறியதால் வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நவம்பரில் கட்டுரையாக இதைத்தான் எழுதினேன். என்ன செய்தேன், என்ன எண் வந்தது, எங்கே மாட்டிக்கொண்டேன், அதைத் தீர்க்க என்ன கற்க வேண்டும். வியப்பு, கனவு எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். ஆங்கிலம் சுமார்தான், யாரிடமும் காட்டவில்லை. எழுதி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு விஷயம் இருந்தது. நேரடிக் கடிதங்களும் இம்முறை ஆறு பேருக்கு மட்டும், அவரவர் கட்டுரையில் ஒன்றையாவது படித்துவிட்டு. இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் இடமில்லை என்றார், ஆனால் படிக்க வேண்டிய மூன்று கட்டுரைகளின் பெயரைச் சொன்னார். அதை நான் பாதி வெற்றி என்றே கணக்கில் வைத்தேன்.

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். சின்னக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் இப்படிக் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவர்கள். "நல்ல பெண், ஒழுக்கமானவள், வருகைப்பதிவு நன்றாக உள்ளது" என்று நடத்தைச் சான்றிதழ் போலவே எழுதுவார்கள். அந்தக் கடிதத்தை ஆய்வகத்தில் உட்கார்ந்து படிக்கும் விஞ்ஞானிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேடமிடம் நான் என் ஒன்பது படங்களையும் கணக்கையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் எழுதினார். அப்புறம், சில இடங்களில் ஆசிரியருக்கே நேரடியாக மின்னஞ்சலில் ஒரு இணைப்பு போகும். அவர்தான் அதில் பதிவேற்ற வேண்டும். நான் விண்ணப்பித்த வேறொரு இடத்தில் அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் போய் விழுந்து, கெடு தேதி முடிந்த மறுநாள் கண்ணில் பட்டது. மேடம் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். ஆசிரியரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். "வந்துதா மேடம்" என்று கெடுவுக்கு ஒரு வாரம் முன்பும், இரண்டு நாள் முன்பும் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கிடையில் என் வகுப்புத் தோழன் ஒருவன் மூவாயிரம் ரூபாய் கட்டி வீட்டில் இருந்தபடியே ஒரு 'இன்டர்ன்ஷிப்' முடித்துவிட்டான். நான்கு காணொளி, ஒரு வினாத்தாள், பளபளவென்று ஒரு சான்றிதழ். நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு நமக்கு வேலை தருகிறேன் என்பவரை நான் நம்ப மாட்டேன். பிழைப்புக்காக அவர்கள் ஏதோ செய்கிறார்கள், நாம் ஏன் அதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

தேர்வாகிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தபோது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். பெங்களூர் கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். வீட்டில் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எங்கம்மா தங்குவ?" நியாயமான கேள்விதான். அதைவிடப் பெரிய சிக்கல் தேர்வு அட்டவணை. மே மாத நடுவில் சேர வேண்டும், எங்களுக்கோ செய்முறைத் தேர்வு மே கடைசி வரை இழுத்தது. அங்கே என்னை வழிநடத்தப்போகிற விஞ்ஞானிக்கு, அதாவது கைடுக்கு, கெஞ்சலாக ஒரு நீண்ட கடிதம் எழுதி, அழித்து, கடைசியில் மூன்று வரியில் உண்மையைச் சொன்னேன்: தேர்வு இந்தத் தேதியில் முடிகிறது, ஜூன் முதல் வாரம் சேரலாமா. அரை மணி நேரத்தில் 'சரி' என்று பதில் வந்தது. ஆனால் இரண்டு மாதம் என்றால் ஜூலை கடைசி ஆகிவிடும், கல்லூரியோ ஜூனிலேயே திறந்துவிடும். வருகைப்பதிவுக்கு முதல்வரிடம் கையெழுத்து, தடையின்மைச் சான்று, போனஃபைடு என்று அலுவலகத்துக்கும் துறைக்கும் ஒரு வாரம் நடந்தேன். இதையெல்லாம் தேர்வான பிறகு தொடங்காமல், முன்பே பேசி வைத்திருக்கலாம்.

முதல் மாதச் செலவுக்குக் கையில் பணம் கொண்டுபோங்கள். உதவித்தொகை எப்போது கைக்கு வந்தாலும், பி.ஜி. விடுதிக்காரர் முன்பணத்தை முதல் நாளே கேட்பார்.

எனக்குத் தந்த வேலையைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். கண்ணாடித் தகடுகளில் எடுத்த அந்தப் பழைய படங்களை இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் கரும்புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவை நகரும் வேகத்தை அளக்க வேண்டும். மொட்டை மாடியில் அட்டையை வைத்துச் செய்ததேதான்! தினமும் ஒரு படம், பல ஆண்டுகளுக்கு, பைத்தான் என்ற கணினி நிரல்மொழியில். என்னோடு வேலை செய்த ஆய்வு மாணவி ஒரு திருச்சிக்காரர், அக்கா என்றே கூப்பிட்டேன். தாது வருஷப் பஞ்சத்துக்கும் அந்த ஆய்வகத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர்தான் சொன்னார். 1876-ல் மழை பொய்த்து மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் உறவு உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1899-ல் கொடைக்கானலில் ஆய்வகம் வந்தது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் வாசல்வரை போய், படகுச் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி வந்தவள் நான்.

மூன்றாவது வாரம் ஒரு பெரிய அடி. நடுக்கோட்டுக்கு அருகே சூரியன் சுற்றும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 14.4 பாகை என்று வர வேண்டும். எனக்கு 13.4 வந்தது. ஒரு பாகை குறைவு, எல்லாப் படத்திலும். மூன்று நாள் நிரலை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தேன். விளிம்புக்குப் பக்கத்தில் புள்ளிகள் நசுங்கித் தெரிவதால் பிழையோ என்று அவற்றை ஒதுக்கினேன். மாறவில்லை. கைடிடம் போகப் பயம். கடைசியில் அக்காவிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் எண்ணைப் பார்த்துவிட்டு, "நீ எங்கேருந்து பாக்கற?" என்றார். "இங்கேருந்துதான் அக்கா." "இங்கன்னா?"

பூமியிலிருந்து. பூமியும் அதே திசையில் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை. ஓடும் ரயிலிலிருந்து பக்கத்து ரயிலைப் பார்ப்பது போல. நான் அளந்தது சரி, கூட்ட வேண்டியதைக் கூட்டவில்லை. மூன்று நாளைக்கு முன்பே கேட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். மறுநாள் கைடிடமும் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அறிக்கையில் இந்தத் தவறையும் ஒரு பத்தி எழுதச் சொன்னார்.

அறிக்கை எழுதுவது பற்றி: கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். நான் விட்டேன், இரண்டு இரவு தூங்கவில்லை.

ஊரில் மேடத்துக்கு என் பழைய ஒன்பது தாள்களைத் திரும்பக் காட்டினேன். இரண்டு புள்ளிக் கூட்டத்துக்கும் வேறு வேறு எண் வந்ததற்குக் காரணம் இப்போது தெரிந்திருந்தது. சூரியனின் அச்சு நம் பார்வைக்குச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். தாளில் வடக்கு எது என்று நான் குறிக்கவே இல்லை, ஒவ்வொரு நாளும் அட்டையை என் வசதிக்கு வைத்திருக்கிறேன். அந்தத் தாள்களை வைத்து எந்தப் புள்ளி எவ்வளவு வேகம் என்று சொல்லவே முடியாது. "அப்ப 27 நாள் எப்படிம்மா சரியா வந்துச்சு?" என்றார் மேடம். குருட்டு அதிர்ஷ்டம்தான் மேடம் என்றேன்.

இந்த வருடம் இரண்டாமாண்டு பிள்ளைகள் மூன்று பேர் அதே தொலைநோக்கியோடு மாடிக்குப் போகிறார்கள். நவம்பருக்குள் பதினைந்து நாள் படமாவது சேர வேண்டும் என்று கணக்கு. தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் பிம்பம் எந்தப் பக்கம் நழுவுகிறதோ அதுதான் மேற்கு. அதை வைத்து வடக்கைக் கண்டுபிடித்து, படம் வரையும் முன் அட்டையின் மூலையில் ஒரு அம்புக்குறி போடுகிறார்கள்.