மாநிறத்தை மாநிறமாகவே எடுங்கள்

நம்மூர்க் கல்யாண ஆல்பம் எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், அத்தை, சித்தப்பா, மணப்பெண் எல்லோரும் ஒரே வெளுத்த ரோஸ் நிறத்தில் இருப்பார்கள், கன்னத்து மச்சம்கூட அழிந்திருக்கும். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. மாநிறமும் கறுப்பும் அவ்வளவு அழகாகப் படத்தில் வரும் நிறங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் கவனித்தால் போதும். போன் கேமராவில் முகத்தை வழவழப்பாக்கி வெளுக்க வைக்கும் பியூட்டி மோடை முதலில் அணைத்துவிட்டு மேலே படியுங்கள்.

எதிரில் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டி சட்டையோடு தாத்தாவை உட்கார வைத்தால், வெளிச்சம் அதிகம் என்று அதுவாகவே முடிவெடுத்து எல்லாவற்றையும் மங்கலாக்கும், அவர் முகம் இருண்டுவிடும். போனில் என்றால் திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். கேமராவில் என்றால், அது போட்ட கணக்கை நாம் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1-இல் வையுங்கள். பின்னால் இருட்டான கதவோ அறையோ இருந்தால் இதற்கு நேர் எதிர், முகம் வெளுத்துப்போகும், அப்போது குறைக்க வேண்டும். ஃபிலிம் காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது. கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டு என்ற மாதிரிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார், அவர் நிறம் சரியாக விழுந்தால் பிரிண்ட் சரி என்றே பல வருஷம் ஓடியது. அதே அளவுகோலை இன்றைக்கும் நாமே நம் முகத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளிச்சத்துக்கு ஜன்னல்தான் என் முதல் தேர்வு. வெளியே நடுப்பகலில் எடுக்கவே எடுக்காதீர்கள், அதிலும் சித்திரையில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கே வந்துவிடும், கண்குழி இரண்டும் கறுத்து மூக்கின் கீழ் மீசை மாதிரி நிழல் விழும். வேப்பமரத்தடியும் ஏமாற்றும், முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் சிதறும். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிற மாதிரி உட்கார வையுங்கள். கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது நிழலை விட, வெளிச்சம் பட்டுத் தோலில் தெரியும் மினுமினுப்புதான். ஜன்னல் பெரியதாக இருந்தால் மினுமினுப்பு கன்னமெங்கும் மெதுவாகப் பரவும், போன் ஃபிளாஷ் அடித்தால் நெற்றியில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி ஒரே இடத்தில் குவியும். மறுபக்கம் ரொம்ப இருட்டாகத் தெரிந்தால் ஒரு வெள்ளை வேட்டியையோ தெர்மாகோல் அட்டையையோ யாரையாவது அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள், வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே முகத்தில் இரண்டு நிறம் வரும். அப்புறம் பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம், அந்தப் பச்சை தாடையில் ஏறும்.

தூரம் பற்றிச் சுருக்கமாக. போனின் மெயின் கேமரா அகலக் கோணம், கிட்டே போனால் மூக்கு பெருக்கும், காது சுருங்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2 எக்ஸில், அதாவது இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் வைத்திருப்பவர்கள் கிட்டே நின்று, லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து 1.8-இலேயே எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது கலங்கியும் வரும், துவாரத்தைக் கொஞ்சம் சுருக்கி 2.8-இல் வைத்தால் போதும், ஃபோகஸ் நமக்கு அருகில் உள்ள கண்ணில் இருக்கட்டும்.

இனி ஆள். பெரியவர்களிடம் "போட்டோ எடுக்கிறேன்" என்றாலே கைகளைத் தொடையில் வைத்து, பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துவிடுவார்கள். கைக்கு வேலை கொடுங்கள். பூ கட்டுகிற பாட்டியைக் கவனியுங்கள், இடது கையில் மல்லிகையை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, வலது கையால் நாரைச் சுற்றி இழுக்கும்போது உதடு லேசாகக் குவியும், முடிச்சு விழுந்ததும் முகம் தளர்ந்து நம்மைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு விரல் தயாராக இருக்க வேண்டும். நீங்களும் தரையில் உட்காருங்கள், நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் யாரும் குறுகித்தான் தெரிவார்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு ஜன்னல் வெளிச்சம் கண்ணை மறைத்தால், அதன் காம்பைக் காதுக்கு மேல் ஒரு நூல் தூக்கி வைத்தால் போதும், வெளிச்சம் கீழே சரிந்துவிடும்.

எடிட்டிங்கில் தோல் பக்கமே போகாதீர்கள், எக்ஸ்போஷரையும் கலரையும் தொட்டால் போதும். பிரிண்ட் போடக் கொடுக்கும்போது மட்டும் கடைக்காரரிடம் "அண்ணே, ஸ்கின் டச்சப் வேண்டாம், நிறத்தை ஏத்த வேண்டாம், இருக்கிறபடியே போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வெளுக்க வைத்துத்தான் தருவார்கள்.