வேகமாக ஓடுபவளை உட்கார வைத்தது

நான் பயிற்சி கொடுக்கும் பள்ளியில் வேகமாக ஓடும் ஒரு மாணவியை 4×100 மீட்டர் தொடர் ஓட்ட அணியில் சேர்க்காதது சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். சொல்லும்போது குரல் மட்டும் கொஞ்சம் ஏறிவிடுகிறது.

நான் கல்லூரி மாணவி, சம்பளம் வாங்காத பயிற்சியாளர். பள்ளிக்கென்று உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டிய அன்று அவரிடம் கேட்டேன். "தினமும் கூட நிற்பவள் நீதானே அம்மா, நீயே எழுதிவிடு" என்று தாளை என் பக்கம் தள்ளினார். என்னை நம்பினாரா, நழுவினாரா தெரியாது. எழுதினேன்.

தொடர் ஓட்டத்தில் ஆளின் வேகத்தைவிட, கைமாற்றிக் கொண்டுபோகும் கோலான பேட்டனின் வேகம்தான் கணக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்கா ஆண்கள் அணி 36.84 வினாடியில் முடித்தது. நான்கால் வகுத்தால் ஆளுக்கு 9.21. தனியாக நூறு மீட்டர் ஓடுவதில் உலக சாதனையே 9.58தான். முதல் ஆள் தவிர மற்ற மூவரும் ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குவதால் வரும் லாபம் இது. அந்த லாபத்தைச் சம்பாதிக்கவும் தொலைக்கவும் இருப்பது கைமாற்றும் இடத்தின் 30 மீட்டர் மட்டுமே. அடையாளத்துக்காகத் தரையில் ஒட்டிய டேப்பைப் பின்னால் வருபவள் தாண்டும் கணத்தில், பேட்டனை வாங்குபவள் கிளம்ப வேண்டும். கிளம்பிய பின் திரும்பிப் பார்க்கக் கூடாது.

இவள் டேப்புக்காகக் காத்திருந்ததே இல்லை. முன்னதாகவே பாய்ந்துவிடுவாள். பின்னால் வருபவள் "நில், நில்" என்று கத்துவாள். இவள் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பி, விரல்களைக் குவித்தபடி கையை நீட்டுவாள். பேட்டன் விரல் முட்டியில் இடித்துத் தரையில் உருளும். டேப்பை அவள் பக்கம் நெருக்கி ஒட்டியும் பயனில்லை. பேட்டன் அந்த 30 மீட்டரைக் கடக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்தால், அவளைவிட மெதுவாக ஓடும் பெண் வாங்கும்போதுதான் நேரம் குறைந்தது. எண்கள் என் பக்கம் இருந்தன.

"அக்கா, நான் அவளைவிட வேகமாகத்தானே ஓடுகிறேன்?" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே தகுதிச் சுற்றில் பேட்டனைத் தவறவிட்ட கதையைச் சொன்னேன்.

"அவர்களும் வேகமாக ஓடுபவர்களைத்தானே ஓடவிட்டார்கள்?"

அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு தோன்றியது: வேகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத்தானே அந்தக் கதை! ஆனால் அதுவும் முழுப் பதில் இல்லை. ஜமைக்கா உசைன் போல்ட்டை உட்கார வைத்துவிட்டு அந்தச் சாதனையைச் செய்யவில்லையே.

பயிற்சி தொடங்கியபோது, "யார் வேகமாக ஓடுகிறீர்களோ அவர்களுக்கே இடம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். அது பயிற்சிக்கு ஆள் சேர்க்கச் சொன்னது, போட்டி அணிக்கு அல்ல என்று வாதாடலாம். பதினான்கு வயதுப் பெண்ணிடம் அந்த வாதம் எடுபடாது. எடுபட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அவ்வளவு நியாயமில்லை.

முதல் ஆளாக ஓடவிட்டிருக்கலாமே, பேட்டனை வாங்கும் வேலையே இருந்திருக்காதே என்று ஒரு தோழி கேட்டாள். யோசிக்காமல் இல்லை. வளைவில் பிளாக்கிலிருந்து, அதாவது காலை ஊன்றி உந்தும் கட்டையிலிருந்து, கிளம்பப் பழகியவள் எங்களிடம் ஒருத்திதான். அந்த ஒருத்தியை இடம் மாற்றினால் மற்ற கைமாற்றங்களையும் புதிதாகப் பழக வேண்டும், நாளோ இல்லை. இதுவரை சொன்னதெல்லாம் உண்மை. மற்ற மூவருக்கும் இவளோடு ஓட விருப்பமில்லை என்பதும் உண்மை. பேட்டன் விழும்போதெல்லாம் "நீதான் மெதுவாக வந்தாய்" என்பாள், யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் நான் அவளிடம் சொன்ன காரணத்தில் இது இல்லை. சொல்லியிருந்தால் அவள் மனம் நொந்திருக்கும். சொல்லாததால் ஸ்டாப்வாட்ச் மட்டுமே முடிவெடுத்ததுபோல் ஆகிவிட்டது. உண்மையில் எது முதலில் வந்தது, எண்ணா, அந்த மூவரின் முகமா? எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை.

போட்டியில் மூன்று கைமாற்றங்களும் சுத்தமாக நடந்தன. தகுதிச் சுற்றோடு வெளியேறினோம். அவள் ஓடியிருந்தால் தேறியிருப்போம் என்பவர்களுக்கும், பேட்டன் விழுந்திருக்கும் என்பவர்களுக்கும் அந்த முடிவில் இடமிருக்கிறது.

இப்போது அவள் 200 மீட்டருக்கு மட்டும் பெயர் கொடுத்திருக்கிறாள். "அவளுக்கு அதுதான் சரி, தனியாக ஓடுகிற ஆள்" என்கிறார் ஆசிரியர். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. டேப்புக்காக ஒரு கணம் நிற்கப் பழகினால், மூன்றாவதாக ஓட அவளைவிட நல்ல ஆள் அந்தப் பள்ளியில் கிடையாது.