பிரியாணி இல்லக்கா

"என்ன தம்பி, இன்னைக்கு பிரியாணியா?"

கீழ்வீட்டு அக்கா படியில் நின்று கேட்கிறார். பட்டை, கிராம்பு, நாலு மிளகு, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, அடுப்பில் கொதிக்கிற வாசம் விளாங்குடித் தெரு முழுக்கப் போயிருக்கும் போல. ரம்முக்குப் பாகு காய்ச்சுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

"கஷாயம்க்கா, சளி."

பாகு ஆறிய பிறகுதான் எலுமிச்சைச் சாறு, சூட்டில் ஊற்றினால் மணம் போய்விடும் (போன தடவை அப்படித்தான் கெட்டது). 60 மில்லி ரம், அதே அளவு கமலா ஆரஞ்சுச் சாறு, அரை மூடி எலுமிச்சை, 20 மில்லி பாகு, ஐஸ். ஷேக்கர் எல்லாம் கிடையாது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கியதுதான்.

கடைசியாக ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல். உள்பக்க வெள்ளையைச் சீவிவிட்டு (கசப்பே அதில்தான்) தீக்குச்சிச் சுடருக்கு நேரே, டம்ளருக்கு மேலே பிழிந்தேன். படபடவென்று பொறி. தோலில் இருக்கிற எண்ணெய் அப்படி எரிகிறது.

2012-இல் கரண்ட் இல்லாத ராத்திரிகளில் மெழுகுவத்தி முன்னால் உட்கார்ந்து நானும் அண்ணனும் இதையேதான் செய்துகொண்டிருந்தோம். நடுவில் என் கண்ணில் பீய்ச்சிவிடுவான், அம்மா விசிறிக்கட்டையாலேயே ஒன்று போடுவார்.

அவன் இப்போது துபாயில். வீடியோ கால் போட்டு இன்னொரு தோலைப் பிழிந்து காட்டினேன்.

"அது இருக்கட்டும், கண்ணைக் காட்டுடா" என்கிறான்.