பைக்கில் டிபிஎம்எஸ் மாட்டியபோது: சென்சாரை விட வால்வுதான் பெரிய வேலை

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் உடனே தெரியாது. ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று மெல்ல மெல்ல இறங்கும். முன் டயர் என்றால் ஹேண்டில் கனப்பதில் கொஞ்சம் சீக்கிரம் புரிந்துவிடும். பின் டயரில் அப்படியில்லை. வளைவில் பின்பக்கம் நெளிகிற மாதிரி இருக்கிறதே என்று சந்தேகம் வரும்போது பாதிக் காற்று போயிருக்கும். வண்டி ஓடும்போதே காற்றழுத்தத்தைக் காட்டும் டிபிஎம்எஸ் மாட்டலாம் என்று நான் முடிவு செய்தது இதற்காகத்தான்.

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகுவது. இன்னொன்று, டயருக்கு உள்ளே ரிம்மோடு சேர்த்துப் பொருத்துவது. உள்ளே போவதற்கு டயரையே கழற்ற வேண்டும், ரிம்மும் டியூப்லெஸ் ஆக இருக்க வேண்டும். டியூப் போட்ட ஸ்போக் சக்கரத்துக்கு வெளியே திருகும் வகைதான் வழி. நான் வாங்கியதும் அதைத்தான். செல்போன் செயலியோடு மட்டும் பேசும் சென்சார்களும் உண்டு. ஆனால் ஓட்டும்போது போன் பாக்கெட்டில் இருந்தால் எச்சரிக்கை வந்து என்ன பயன்? தனி டிஸ்ப்ளே உள்ளதாகப் பார்த்து எடுத்தேன்.

பெட்டியில் வந்த குறிப்பைப் படித்தால் இது ஒரு நிமிட வேலை: பழைய மூடியைக் கழற்று, சென்சாரைத் திருகு, முடிந்தது. உண்மையில் கவனிக்க வேண்டியது சென்சாரை அல்ல, அதைத் தாங்கப்போகிற வால்வை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்சாரின் எடை சுமார் 10 கிராம். 17 அங்குல சக்கரத்தில் வால்வின் நுனி அச்சிலிருந்து ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சுழற்சியால் அந்த இடத்தில் எடை 150 மடங்கு போலப் பெருகும். ஆக, அந்தக் குட்டி 10 கிராம் ஒன்றரைக் கிலோவாக வால்வை ரிம் பக்கம் தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்கு. வால்வு உலோகமாக, நட் போட்டு இறுக்கியதாக இருந்தால் கவலை இல்லை. இழுத்துப் பொருத்தும் ரப்பர் வால்வு என்றால், அது லேசாகச் சாய்ந்திருந்தால்கூட ஒவ்வொரு ஓட்டத்திலும் மடங்கி நிமிரும். அடிப்பகுதியில் ரப்பர் வெடிப்பு விட ஆரம்பிக்கும்.

என் பைக்கில் இருந்தது ரப்பர் வால்வு. விரலால் அதைப் பக்கவாட்டில் மடக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ரிம்முக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள், மடக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். நேராக நிற்கும்போது எதுவும் தெரியாது. இதன் தலையில் சென்சாரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. சரி, முதலில் வால்வை மாற்றுவோம் என்று 90 டிகிரி வளைந்த உலோக வால்வு இரண்டு வாங்கினேன். இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: ரிம்மில் உள்ள துளை எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. 8.3 மில்லிமீட்டர், 11.3 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு அதிகம் புழங்குகிறது. அளந்து பார்த்து வாங்க வேண்டும். வால்வு மாற்ற டயரை ரிம்மிலிருந்து விடுவிக்கத்தான் வேண்டும் என்பதால், டயர் மாற்றும் சமயத்தோடு சேர்த்துச் செய்துவிட்டால் தனிக் கூலி மிச்சம். சென்சாரின் எடையையும் கணக்கில் சேர்த்துச் சக்கரத்தை பேலன்ஸ் செய்யச் சொன்னேன்.

அதற்கப்புறம் சென்சார் வேலை சுலபமாகத்தான் போனது. டிஸ்ப்ளேயில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் முன் சக்கரத்தின் படம் மின்னும். அப்போது முன் சென்சாரைத் திருகினால், அழுத்தத்தை உணர்ந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒரு பீப், எண் வந்துவிடும். பின் சக்கரத்துக்கும் இதேதான். திருகும்போது கை இறுக்கமே போதும்.

திருகியபின் சோப்பு நுரை சோதனையைத் தவறவிடக் கூடாது. சாதாரண மூடி வால்வின் உள் ஊசியைத் தொடுவதில்லை. இந்த சென்சாரோ ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அதாவது காற்றைத் தடுத்து நிறுத்துவது இப்போது வால்வு அல்ல, சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம். அது சரியாக உட்காராவிட்டால், கசிவைக் கண்டுபிடிக்க வாங்கிய சாமானே கசிவுக்குக் காரணமாகிவிடும். நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் மெதுவாக முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். முன்பக்கம் பிரேக் காலிப்பருக்கும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சென்சாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. சில வண்டிகளில் இது இடிக்கும்.

டிஸ்ப்ளேக்கு மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்து எடுக்கவில்லை. அப்படி எடுத்தால் வண்டி நிற்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் டெயில் லைட் வயரிலிருந்து, நடுவே ஒரு சின்ன ஃபியூஸ் வைத்து எடுத்தேன்.

எச்சரிக்கை அளவை வைப்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். என் வண்டிக்கு முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு). இது குளிர்ந்த டயருக்கான கணக்கு, அதாவது வண்டி சில மணி நேரம் நின்றபின் அளப்பது. டயரின் சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டியதும் பின் டயர் 37ஐக் காட்டினால் பதற வேண்டாம், காற்றை இறக்கவும் வேண்டாம். இறக்கினால் மறுநாள் காலை டயர் குறைவாக நிற்கும். கீழ் எல்லையாக முன்னால் 26, பின்னால் 29 வைத்தேன். மேல் எல்லையைத் தாராளமாக விட்டேன். இல்லையென்றால் வெயிலில் சும்மா சும்மா கத்தும், நாமும் அதை மதிக்காமல் பழகிவிடுவோம்.

இன்னொன்று: சென்சார் காட்டும் எண்ணும் காற்று பிடிக்கும் இடத்து கேஜும் ஒத்துப்போகாது. ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் வரும். என்னிடம் உள்ள நல்ல கையடக்க கேஜோடு ஒப்பிட்டு, பின் சென்சார் ஒரு பிஎஸ்ஐ குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டேன். முக்கியம் எண் அல்ல, அது நகரும் திசை. வண்டி நிற்கும்போது பெரும்பாலான சென்சார்கள் தூங்கிவிடும் என்பதால், காலையில் சாவி போட்டதும் தெரிவது நேற்றைய எண்ணாக இருக்கலாம். கொஞ்ச தூரம் உருண்டபின்தான் நம்பலாம்.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. சூடு ஏற ஏறக் கூடவேண்டிய பின் டயர் எண் ஒரு நாள் 33, 32, 31 என்று இறங்கியது. எச்சரிக்கை வருமுன்னே ஓரங்கட்டிப் பார்த்தால், ரப்பரில் தலை மட்டும் பளபளக்கும் ஒரு ஆணி. பிடுங்காமல் அப்படியே மெதுவாகப் பஞ்சர் கடைக்குப் போய்ச் சேர முடிந்தது.

எரிச்சல் இல்லாமல் இல்லை. காற்று அடிக்க ஒவ்வொரு முறையும் சென்சாரைக் கழற்ற வேண்டும். திருட்டைத் தடுக்கக் கூடவே தரும் பூட்டு நட்டைப் போட்டால் அதற்கென்று ஒரு குட்டி ஸ்பேனரையும் சுமக்க வேண்டும். நான் அந்த நட்டைப் போடவில்லை. பழைய வால்வு மூடிகளை மட்டும் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், சென்சார் கசிந்தால் உடனே மாற்றிக்கொள்ள.

உள்ளே பொருத்தும் வகைக்கு மாறுவாயா என்று நண்பர் கேட்டார். அழுக்கு படாது, திருட முடியாது, காற்று அடிப்பதும் எளிது, எல்லாம் சரிதான். ஆனால் அதன் பேட்டரி தீர்ந்தால் டயரைக் கழற்றியாக வேண்டும், பலவற்றில் சென்சாரையே மாற்ற வேண்டும். என்னுடையதில் மூடியைத் திறந்து சிஆர்1632 பட்டன் செல் ஒன்றை மாற்றினால் போதும். இப்போதைக்கு இதிலேயே இருந்துகொள்கிறேன்.