ரேகை போற வழி

"என்னத்துக்கு மக்களே இவ்வளவு நீளத்துல?"

தக்கலைப் பக்கம் ஒரு தடிமில், மரம் அறுக்கிற இடம். நான் தடி கேட்டதும் அங்கிருந்த பாட்டா கேட்டது இது. "வில்லு செய்ய, பாட்டா" என்றேன்.

"வில்லுப்பாட்டுக்கா? அதுக்குப் பனையில்லா வேணும்!"

அம்பு விடுகிற வில் என்று புரியவைப்பதற்குள் சாயா ஆறிவிட்டது. யூ (yew) என்கிற வெளிநாட்டு மரம் தேடி அலைந்த கதையையும் சொன்னேன். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982இல் தூக்கினார்கள். அதில் கிடைத்த நெடுவில்கள் அந்த மரம்தான். வில் வளையும்போது இழுபடும் வெளிப்பக்கம் மரத்தின் வெளிப்புற வெள்ளை, நசுங்கும் உள்பக்கம் நடுவிலுள்ள கெட்டியான வைரம். இரண்டும் ஒரே கட்டையில். விலைதான் நமக்கு எட்டாது.

பாட்டா ஓர் அயினிப் பலகையில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். மரத்தின் நார் ஓடுகிற ரேகை தெளிந்தது. கட்டைவிரல் நகத்தை அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். முக்கால் தூரத்தில் நகம் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

"இங்கதான் ஒடியும்."

என் முதல் வில் ஒடிந்தது அப்படி ஓர் இடத்தில்தான். நானோ மரத்தைக் குறை சொல்லி, வெளிநாட்டு மரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விளையில் கிடந்த வைரம் பாய்ந்த கமுகுத் தடி ஒன்றைக் காட்டினார்.

"அறுக்காண்டாம், பிளந்து எடு. அது போற வழிக்கே போவும்."

பைக்கில் கட்டிக் கொண்டுவந்துவிட்டேன். வெட்டுக்கத்தியைத்தான் தீட்டணும்.